ஈ-ஹவுஸ் ஆர்டர் பண்றதுல இருந்து பவர் ஆன் பண்ற வரைக்கும்: சிங்கப்பூர் ஈரத்துக்கு ஏத்த மாதிரி செய்றது எப்படி

ஈ-ஹவுஸ்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு முதல்ல சொல்லிடுறேன். சுவிட்ச்போர்டு (பேனல்னு சொல்றது இதைத்தான்), டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துறது), யூபிஎஸ், ஏர்கான், ஃபயர் அலாரம்னு எல்லாத்தையும் ஒரு இரும்பு ரூமுக்குள்ள ஃபேக்டரியிலயே மாட்டி, வயரிங் முடிச்சு, டெஸ்ட்டும் பண்ணி, ரூமோட சேத்து லாரியில ஏத்திக் கொண்டு வந்து சைட்ல எறக்குறதுதான். துவாஸ்லயும் ஜூரோங் தீவுலயும் இது நெறைய வந்துடுச்சு, காரணம் சிம்பிள், ஜூரோங் தீவுக்குள்ள ஒரு ஆள் வேலை செய்யணும்னா செக்பாயிண்ட் பாஸ், சேஃப்டி ட்ரெயினிங், ஹாட் வொர்க் பெர்மிட்னு ஒவ்வொண்ணுக்கும் நிக்கணும், அதனால ஜொகூர்லயோ பாத்தாம்லயோ ஒரு ஷெட்டுக்குள்ள நிம்மதியா வேலைய முடிச்சிட்டு வந்தா பாதி தலைவலி போயிடும்.

இந்த ஊருல ஈ-ஹவுஸ் எடுக்குறவங்க முக்கால்வாசிப் பேரு சூட்டைப் பத்தியே கவலைப்படுறாங்க, ஆனா பேனலைக் கெடுக்குறது ஈரம்தான். கீழ சொல்ற பல விஷயம் இதை மனசுல வச்சுத்தான் சொல்றேன்.

சைஸ்ல இருந்து ஆரம்பிங்க. சிங்கிள் லைன் டயகிராம் (மொத்த கரண்ட் இணைப்பையும் காட்டுற வரைபடம்) ஃபைனல் ஆகாம ரூம் சைஸை லாக் பண்ணாதீங்க, பின்னாடி ஒரு ஃபீடர் (பேனல்ல இருந்து கரண்ட் போற லைன்) கூடுதலா வேணும்னு கிளையண்ட் கேட்டா இரும்பு ரூமை இழுத்து நீட்ட முடியாது. பேனல் கதவைத் தொறந்து வச்சுட்டு ஒரு ஆள் தாராளமா நடக்கணும், பிரேக்கரை டிராலியில வெளிய இழுக்குற அளவுக்கு முன்னாடி எடம் வேணும், ரெண்டு கோடியிலயும் வெளிப்பக்கமா தொறக்குற கதவு, அதுல பேனிக் பார் (தள்ளினாலே கதவு தொறக்குற கம்பி), இதெல்லாம் பேரம் பேசுற விஷயமே இல்ல. அதே நேரத்துல ரோட்டையும் யோசிக்கணும். ஹை கியூப் கண்டெய்னர் உயரம் 2.9 மீட்டர், ஒரு மீட்டர் டிரெய்லர் மேல வச்சா 3.9, பிரச்சனை இல்ல. ஆனா ஈ-ஹவுஸை 3.6 மீட்டர் உயரத்துல அடிச்சா டிரெய்லரோட சேத்து 4.5 தாண்டிடும், அப்புறம் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பெர்மிட், எஸ்கார்ட், ராத்திரி மூவ்னு செலவு ஏறும். ரூஃப் மேல ஏர்கானோ ஆர்க் டக்டோ (உள்ள ஷார்ட் ஆகி வெடிச்சா அந்த சூட்டை வெளிய விடுற குழாய்) வர்றதா இருந்தா அதைக் கழட்டி தனியா அனுப்புற மாதிரி டிசைன் பண்ணச் சொல்லுங்க.

எம்வி (மீடியம் வோல்டேஜ்) சுவிட்ச்கியர் இருந்தா ஐஈசி 62271-200-ங்குற சர்வதேச எலெக்ட்ரிக்கல் ஸ்டாண்டர்டு படி இன்டர்னல் ஆர்க் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, அதோட ஆர்க் வெடிச்சா அந்த சூடு எந்தப் பக்கம் வெளிய போகுதுன்னு டிராயிங்ல விரல் வச்சுப் பாருங்க, அதுக்கு நேரா படிக்கட்டோ நடைபாதையோ இருந்தா மாத்தச் சொல்லுங்க. இது ஆள் உயிர் சம்பந்தப்பட்டது, அசால்ட்டா விடாதீங்க.

பெயிண்ட்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. கடலோரம்னா ஐஎஸ்ஓ 12944-ல சி5 கேட்டகரி கேளுங்க, கதவு கீல், தாழ்ப்பாள், போல்ட்டு எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். ரூஃப் தட்டையா இருக்கக்கூடாது, சரிவு வேணும், ரெண்டு மூணு துண்டா வர்ற ஈ-ஹவுஸ்னா அந்த ஜாயிண்ட் மேல கேப் வச்சு மூடணும், வெறும் சிலிகான நம்பினா வெயில்ல காஞ்சு வெடிச்சுடும்.

இப்ப ஏர்கான், இதுதான் முக்கியம். முதல்ல ஹீட் லோட் கணக்கு. டிரைவ்ல சுமாரா 3 சதவீதம் சூடா வெளிய வரும்னு வச்சுக்கோங்க. 250 கிலோவாட் டிரைவ் நாலு இருந்தா ஒண்ணுக்கு 7.5 வீதம் மொத்தம் 30 கிலோவாட் சூடு, ஒரு டன் ஏர்கான் 3.5 கிலோவாட் எடுக்கும்னா அதுக்கே எட்டரை டன் வேணும், அப்புறம் யூபிஎஸ், சுவத்துல அடிக்கிற வெயில் எல்லாம் சேத்தா பத்து டன் தாண்டும். ஐஈசி ஸ்டாண்டர்டு படி எல்வி (லோ வோல்டேஜ்) பேனலுக்கு சுத்தி இருக்குற காத்து அதிகபட்சம் 40 டிகிரி, சராசரி 35. 2023 மே மாசம் ஆங் மோ கியோல 37 டிகிரி பதிவாச்சு, அது நிழல் கணக்கு, மூடின இரும்பு ரூமுக்குள்ள ஏர்கான் நின்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதனால ரெண்டு யூனிட், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு முழு லோடையும் தாங்கணும்.

ஆனா ஓவரா பெருசும் வேணாம். பெரிய யூனிட் ரூமை அஞ்சு நிமிஷத்துல குளுத்திட்டு நின்னுடும், காத்துல இருக்குற ஈரத்தை இழுக்க அதுக்கு நேரமே கிடைக்காது, ரூம் ஜில்லுன்னு இருக்கும், ஆனா ஈரமா இருக்கும். பிளாண்ட் புதுசா ஓடுற சமயத்துல கால்வாசி லோடு கூட இருக்காது, அப்பதான் இந்தத் தொல்லை அதிகம்.

அடுத்து செட்டிங். சைட்ல எல்லாருக்கும் 18 டிகிரி பிடிக்கும், வெளிய வெயில்ல நின்னுட்டு வந்து கொஞ்ச நேரம் நிக்கலாம்ல. ஆனா நம்ம ஊர் காத்து 30 டிகிரி, 75 சதவீத ஈரம்னா அதோட டியூ பாயிண்ட் கிட்டத்தட்ட 25. அதாவது 25-க்குக் கீழ இருக்குற எந்த இரும்பு மேலயும் அந்தக் காத்து பட்டா தண்ணி கட்டும், தே பெங் டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குற மாதிரிதான். கேபிள் இழுக்குற பசங்க கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துத் தொறந்து வச்சா, 18 டிகிரியில இருக்குற பஸ்பார் (கரண்ட் போற உலோகப் பட்டை) மேல, இன்சுலேட்டர் மேல முத்து முத்தா தண்ணி நிக்கும். அதனால 25, 26-ல வைங்க, கதவுல டோர் குளோசர் போடுங்க, தொறந்தே கிடந்தா அலாரம் அடிக்கிற மாதிரி செய்யுங்க, சுத்தம் பண்ணின காத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளி ரூம்ல லேசான பாசிட்டிவ் பிரஷர் வைங்க. ஏர்கான் டிரெயின் பைப் பேனலுக்கு மேல போகவே கூடாது. ஹசார்டஸ் ஏரியாக்குள்ளதான் (எரியுற கேஸ் வரக்கூடிய ஸோன்) வைக்கணும்னா பிரஷரைசேஷனுக்கு ஐஈசி 60079-13 இருக்கு, அது குறைஞ்சது 25 பாஸ்கல் கேக்கும், ஆனா என் அபிப்பிராயம், முடிஞ்ச வரைக்கும் ஈ-ஹவுஸை ஸோனுக்கு வெளிய தள்ளி வைக்கிறதுதான் நல்லது.

கேபிள் கீழ இருந்து வரட்டும், மேல இருந்து வந்தா மழைத்தண்ணியும் கூடவே வரும். ஈ-ஹவுஸை இரும்புக் கால் மேல தூக்கி வைங்க, பியூபி (தேசியத் தண்ணீர் அமைப்பு) வெள்ளத்துக்காக சொல்ற பிளாட்ஃபார்ம் லெவலுக்கு மேல. எவ்வளவு உயரம்னா, 70 மில்லி தடிமன் கேபிளை அதோட விட்டத்துல 12 மடங்குக்கு வளைச்சாலே 840 மில்லி வேணும், அதுக்கு மேல ஆளு குனிஞ்சு வேலை செய்யவும் எடம் வேணும், ஒன்றரை மீட்டருக்குக் கம்மியா வச்சா கேபிள் டீம் உங்களைத் திட்டும். சிங்கிள் கோர் கேபிள்னா கிளாண்டு பிளேட் (கேபிள் உள்ள நுழையுற தகடு) அலுமினியமா இருக்கணும், சாதா இரும்பு பிளேட்ல தனித்தனி ஓட்டையில விட்டா எடி கரண்ட்ல (கேபிளைச் சுத்தி இரும்புல தானா உண்டாகுற கரண்ட்) பிளேட்டே கொதிக்கும்.

வேலை முடிஞ்சதும் ஓட்டை எல்லாத்தையும் ஃபயர் ஸ்டாப் வச்சு அடைங்க, ஸ்பேர் ஓட்டையும் சேத்துதான். ஈரம், எலி, பல்லி மட்டும் இல்ல, கேஸ் ஃபயர் சப்ரஷன் வச்சிருந்தா ஓட்டை வழியா கேஸ் ஓடிடும், டோர் ஃபேன் டெஸ்ட் (கதவுல ஃபேன் வச்சு ரூம் எவ்வளவு கசியுதுன்னு பாக்குறது) பாஸே ஆகாது.

ஃபேக்டரியில டெஸ்ட்டுக்குப் போறப்ப பேனலை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. ஹோஸ் பைப் எடுத்து ரூஃப், ஜாயிண்ட், கதவு மேல நல்லா அடிக்கச் சொல்லிட்டு உள்ள டார்ச்சோட நில்லுங்க. லைட்டை அணைச்சுட்டுப் பாத்தா வெளி வெளிச்சம் வர்ற சந்தும் தெரியும்.

லிஃப்டிங் அன்னிக்கு லிஃப்டிங் பிளான், சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் எல்லாம் சரியா இருக்கணும், உள்ள இருக்குற டிரைவ் ஒரு பக்கமா இருந்தா சென்டர் ஆஃப் கிராவிட்டியும் ஒரு பக்கமாத்தான் இருக்கும், அது பிளான்ல இருக்கான்னு பாருங்க. சுமத்ரா காத்து (சுமத்ரா பக்கமிருந்து வர்ற இடி மழையோட சூறைக்காத்து) பெரும்பாலும் விடியறதுக்கு முன்ன இருந்து மத்தியானத்துக்குள்ள வரும், இடி மின்னல் அலாரம் அடிச்சா கிரேன் நின்னுடும், தொங்கிக்கிட்டு இருக்குற லோடோட மாட்டக்கூடாது.

எறக்கினப்புறம் பவர் ஆன் பண்ற வரைக்கும் நடுவுல மாசக்கணக்கா கேப் வரும், பேனல் அதிகமா கெடுறது இந்த நேரத்துலதான். ஏர்கான் ஓடாது, பேனல் ஹீட்டருக்கு சப்ளை இருக்காது, பகல்ல ரூம் அடுப்பா இருக்கும், ராத்திரி மழையில இரும்பு குளுந்து உள்ள வேர்க்கும். அதனால வந்து எறங்கின அன்னிக்கே டெம்பரரி சப்ளை இழுத்து பேனல் ஹீட்டரை ஆன் பண்ணுங்க, ஒரு டீஹ்யூமிடிஃபையர் வாடகைக்கு எடுத்து வைங்க, சப்ளை வர்ற இடத்துல சைட் பசங்க யாரும் அணைக்காத மாதிரி டேக் போட்டு பூட்டுங்க. இந்தச் செலவை டெண்டர்லயே எழுதிடுங்க, இல்லன்னா சப்ளையர் ஒரு பக்கம், கான்ட்ராக்டர் ஒரு பக்கம் கை காட்டுவாங்க.

கடைசியா மெகர் (இன்சுலேஷன் எவ்வளவு நல்லா இருக்குன்னு பாக்குற மீட்டர்) அடிச்சு ஃபேக்டரி ரீடிங்கோட ஒப்பிடுங்க, ரொம்ப இறங்கியிருந்தா ஹீட்டர்ல காயவிட்டு திரும்ப அடிங்க, அவசரப்பட்டு வோல்டேஜ் ஏத்தாதீங்க. 22 கேவி இன்ஸ்டாலேஷனுக்கு இன்ஜினியர் கிரேடு எல்ஈடபிள்யூ (லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் ஆள்) வேணும், ஈஎம்ஏ (எரிசக்திச் சந்தை ஆணையம்) லைசென்ஸ், கரண்ட் குடுக்குற எஸ்பி குரூப் கூட டர்ன் ஆன் தேதி எல்லாம் அவர் மூலமாத்தான் நடக்கும், அதனால அவரை ஈ-ஹவுஸ் வந்தப்புறம் கூப்பிடாம டிராயிங் ஸ்டேஜ்லயே உக்கார வச்சுப் பேசுங்க.