மலையகத்திலிருந்து முதல்முறை பிஸ்னஸ் கிளாஸில் போகிறவர்களுக்கு

பிஸ்னஸ் கிளாஸ் டிக்கட்டுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு தூக்கத்துக்குத்தான் போகிறது. விமான நிலையத்தில் ஓய்வெடுக்கிற லவுஞ்ச், ஷாம்பெயின், சூடான துவாய் எல்லாம் அதற்குப் பிறகு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை டிக்கட் எடுத்து அனுப்பியிருந்தாலும் சரி, நீங்களே சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் போனாலும் சரி, இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விமானம், எந்த நேரம், எந்த ஸீட் என்று முடிவெடுப்பது சுலபமாகிவிடும்.

லண்டனையே எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் நேராகப் போகிறது, கிட்டத்தட்ட 11 மணித்தியாலம். டுபாய், தோஹா வழியாகவும் போகலாம், சில நேரம் விலை குறையும், ஆனால் முதல் பயணம் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதால் சாப்பிட்டுக் கண்ணை மூடும்போதே இறங்கத் தயாராகச் சொல்லிவிடுவார்கள். தூங்க வேண்டுமென்றால் நேர்ப் பயணம்தான் என் தேர்வு. போக வர இரண்டுக்கும் காசு போதாவிட்டால் இரவில் பறக்கிற பக்கத்துக்கு மட்டும் பிஸ்னஸ் எடுங்கள், பகலில் போகிற பக்கம் சாதாரண வகுப்பே போதும்.

பணம் கட்டுவதற்கு முன் ஸீட் வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு வரிசையில் ஸீட்கள் 1-2-1 என்று பிரிந்து இருந்தால் எல்லோருக்கும் நடைபாதை கிடைக்கும், யாரையும் தாண்டிப் போகத் தேவையில்லை. எமிரேட்ஸின் பழைய 777 விமானங்களில் 2-3-2 இருக்கிறது, தனியாகப் போகிறவருக்கு அதில் நடு ஸீட் மாட்டினால் கொடுத்த காசு வயிற்றெரிச்சல்தான். சில நிறுவனங்கள் சாதாரண டிக்கட் வாங்கியவர்களிடம் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்று ஏலம் மாதிரிக் கேட்பதுண்டு. போட்டுப் பார்க்கலாம், ஆனால் அப்படி மாறும்போது பொதி அளவு பழைய டிக்கட்டின்படியே இருக்கக்கூடும். கேட்டு உறுதி செய்யாமல் மூட்டை கட்டாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஆட்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 'ஹிந்து மீல்' என்று பெயரைப் பார்த்து மரக்கறிச் சாப்பாடு என்று நினைத்துவிடுவார்கள். அதில் மாட்டிறைச்சிதான் இருக்காது, கோழியோ மீனோ ஆடோ வரும். சுத்த மரக்கறி வேண்டுமானால் 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று கேட்க வேண்டும், நம் சுவைக்கும் அதுதான் கிட்ட வரும். பெரும்பாலான நிறுவனங்களில் புறப்பட 24 மணித்தியாலத்துக்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

இனி, மலையிலிருந்து இறங்கும் கதை. நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்கவுக்குச் சாதாரண நாளிலேயே ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். அட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கினாலும் சரி, கண்டிக்குப் போய்க் கடுகண்ணாவையால் இறங்கினாலும் சரி, மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும் எல்லாக் கணக்கையும் கவிழ்க்க. பிஸ்னஸ் கிளாஸுக்கு வரிசை தனி, சின்னது, உண்மைதான், ஆனால் கவுண்டர் மூடுகிற நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான், வழக்கமாகப் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன். காலைப் பயணம் என்றால் முதல்நாளே நீர்கொழும்புப் பக்கம் வந்து தங்கிவிடுங்கள். பகல் பயணம் என்றால் விடியுமுன் கிளம்பி முன்னதாகவே போய்ச் சேர்ந்து லவுஞ்சில் உட்காருங்கள், அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்திருக்கிறீர்கள். வளைவுகளில் வந்த வயிறு அடங்கும்வரை பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும், குளிக்க வசதி இருந்தால் குளித்து உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

பவர் பேங்கைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும். விமானத்துக்குள் அதைப் பாவிக்கவே கூடாது என்று இப்போது பல நிறுவனங்கள் தடை போட்டிருக்கின்றன.

உள்ளே ஏறியதும் அவசரப்பட வேண்டாம். ஒரு தட்டில் ஜூஸோ ஷாம்பெயினோ வரும், எடுத்துக்கொண்டு நிதானமாக இருக்கையைப் படித்துப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் மூன்று படம் போட்ட பொத்தான்கள் இருக்கும்: நிமிர்ந்த நாற்காலி, சாய்ந்த நாற்காலி, நேர்க்கோடாய்ப் படுத்த கட்டில். அமுக்கியபடியே பிடித்திருந்தால்தான் பெரும்பாலும் நகரும், விரலை எடுத்தால் நின்றுவிடும். விமானம் மேலே ஏறும்போதும் தரை இறங்கும்போதும் நிமிர்ந்த நிலையில்தான் இருக்க வேண்டும். சில ஸீட்களில் நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடியைக் கீழே இறக்கலாம், இறக்கினால் படுக்கும்போது தோளுக்கு நல்ல இடம் கிடைக்கும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரிப் போடுங்கள், இல்லையென்றால் விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க உங்களை எழுப்ப வேண்டிவரும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஃபோன் ஸீட் இடுக்கில் விழுந்துவிட்டால் ஸீட்டை அசைக்காதீர்கள். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

மலைக்காரர்களுக்கு உயரம் புதிதல்ல. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பது போலத்தான், ஏறக்குறைய ஹோர்ட்டன் சமவெளி. ஏ350, 787 போன்ற புது விமானங்களில் அது 1,800 மீற்றர் அளவுக்கு இறங்கும், நுவரெலியா டவுன் 1,868 மீற்றர். வித்தியாசம் ஈரத்தில்தான். மிஸ்ட்டிலேயே வளர்ந்த தோலுக்கு விமானத்தின் வறண்ட காற்று நன்றாகவே உறைக்கும், உதடு வெடிக்கும், மூக்கு எரியும். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடியுங்கள். கொடுக்கிற சின்னப் பையில் உதட்டுக்கும் கைக்கும் கிரீம் இருக்கும், கண்மறைப்பும் காலுறையும் பல்துலக்கியும் இருக்கும், பை உங்களுக்கே. போர்வையும் ஹெட்ஃபோனும் அவர்களுடையவை. தேயிலையோடு வாழ்கிற நமக்கு அங்கே தருகிற தேநீர் சப்பென்று இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, வறண்ட காற்றிலும் இரைச்சலிலும் நாக்குக்கு இனிப்பும் உப்பும் சரியாகத் தெரிவதுமில்லை. தேயிலைப் பையைக் கூடுதல் நேரம் ஊறவிட்டுப் பாலில்லாமல் குடியுங்கள்.

நம்மவர்கள் பலர் கேட்கக் கூச்சப்பட்டே பசியோடும் குளிரோடும் இருந்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்னொரு போர்வை, பிறகு சாப்பிடுகிறேன், எனக்குப் படுக்கையை விரித்துத் தாருங்கள், எல்லாமே சாதாரணமாகக் கேட்கிற விஷயங்கள். தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள், ஸீட் இலக்கம், மருந்து விபரம், வரவேற்க வருபவரின் இலக்கம் எல்லாம் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். நடக்கக் கஷ்டம் என்றால் சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே பதியுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மாரியில் லண்டனில் இறங்குகிறீர்கள் என்றால் தடித்த கோட்டைப் பொதியில் போடாமல் கையிலேயே வைத்திருங்கள், ஏறியதும் பணியாளர் வாங்கிக் கொளுவி வைத்து இறங்கும்போது தருவார்கள். பொதிகளில் 'ப்ரயோரிட்டி' அட்டை கட்டியிருக்கிறார்களா என்று கட்டுநாயக்கவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கட்டியிருந்தால் இறங்கும் இடத்தில் பொதி வரும் பட்டியில் அவை முதலில் வர வாய்ப்புண்டு.