நிரல் துண்டுக்கு வகை குறிப்பது எப்படி

புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள என் மாடி அறைக்கு ஆவணங்களைத் திருத்தும் வேலை கற்க வரும் பிள்ளைகளில் பலர் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அட்டவணை, அடிக்குறிப்பு எதுவானாலும் சட்டென்று முடித்துவிடுவார்கள். ஆர்.எஃப்.சி. எனப்படும் இணையத் தரநிலை ஆவணத்தில் நிரல் துண்டு வந்தால் மட்டும், “அக்கா, வகையைக் காலியாக விட்டுவிடலாமா?” என்று கேட்பார்கள். விடவே கூடாது. துண்டு எந்த மொழியில், எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லும் குறிதான் வகை. அந்தக் குறியை நம்பித்தான் கருவிகள் துண்டை உருவியெடுத்துச் சோதிக்கின்றன.

முதலில் அது நிரலா, படமா என்று பிரியுங்கள். 2016இல் வந்த ஆர்.எஃப்.சி. 7991 இரண்டுக்கும், ஆவணத்தை எழுதும் குறிமொழியான எக்ஸ்.எம்.எல்.லில் தனித்தனி உறுப்பு வைத்திருக்கிறது. பாக்கெட் எனும் இணையத் தரவுப் பொதியின் தலைப்பைக் கோடுகளால் வரைந்து காட்டும் கட்டம் ‘ஆர்ட்வொர்க்’. இலக்கண விதி, நிரல், தரவு எல்லாம் ‘சோர்ஸ்கோட்’. பிறகு, இந்த ஆவணங்களை வெளியிடும் ஆர்.எஃப்.சி. எடிட்டர் வைத்திருக்கும் பட்டியலில் உள்ள வகைப் பெயரை எழுத்து மாறாமல் இடுங்கள்.

நெளிவு அடைப்புக்குறியைக் கண்டதும் ஜேசன் (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் வடிவம்) என்று எழுதும் அவசரம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. முதல் வரியைப் படியுங்கள். ‘போஸ்ட்’ என்று தொடங்கி, தலைப்பு வரிகள் வந்து, ஒரு வெற்று வரிக்குப் பிறகு அடைப்புக்குறி வந்தால் முழுத் துண்டும், உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. செய்திதான். அடைப்புக்குள் மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ‘டி.எஸ்.டி.ஆர்.’ (உரை), ‘யூஇன்ட்’ (எதிர்மமில்லா முழு எண்) என்று இருந்தால் அது தரவே அல்ல. தரவின் வடிவத்தைச் சொல்லும் சி.டி.டி.எல். மொழி. 2019இல் வந்த ஆர்.எஃப்.சி. 8610 அதற்குரியது.

அசல் ஜேசனிலும் ஒரு சிக்கல் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, ஆவணத்தை எழுதும் ஆசிரியர்கள் நடுவில் மூன்று புள்ளி வைப்பார்கள். இரட்டைச் சாய்கோடு போட்டு விளக்கமும் எழுதுவார்கள். ஜேசனில் இரண்டுக்குமே இடமில்லை. சோதிக்கும் கருவி அந்த வரியிலேயே நின்றுவிடும். விளக்கத்தைத் துண்டுக்கு வெளியே, பத்திக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஏ.பி.என்.எஃப். என்ற இலக்கண மொழியின் விதிகள் ஆவணம் முழுவதும் சிதறிக் கிடக்கும். ஒரு துண்டுக்குக் குறி விட்டுப்போனாலும், எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கும்போது வேறெங்கோ ஓரிடத்தில் ‘வரையறுக்கப்படாத விதி’ என்று பிழை வரும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் பாருங்கள்.

யாங் (நெட்வொர்க் கருவிகளின் அமைப்பை விவரிக்கும் மொழி) தொகுதி முழுமையாக இருந்தால் மட்டும் ‘கோட் பிகின்ஸ்’, ‘கோட் எண்ட்ஸ்’ எல்லைக்குறிகளை இடுங்கள். கோப்புப் பெயரில் உள்ள தேதியும் உள்ளே ‘ரிவிஷன்’ வரியில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்காக வெட்டியெடுத்த பகுதிக்கு எல்லைக்குறி வேண்டாம்.

வரி 69 எழுத்துகளைத் தாண்டினால் நீங்களாக மடிக்காதீர்கள். சில மொழிகளில் வரி உடைந்தாலே பொருள் மாறிவிடும். எங்கே உடைக்கலாம் என்று ஆசிரியரைக் கேளுங்கள். உடைக்க இடமே இல்லாவிட்டால் வரி முடிவில் பின்சாய்கோடு இட்டு மடிக்கும், ஆர்.எஃப்.சி. 8792 சொல்லும் முறை இருக்கிறது.

சந்தேகம் வந்தால், “வகை சரியா?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். “இதை ஜேசன் என்று குறித்திருக்கிறோம், மூன்றாம் வரியின் புள்ளிகள் சோதனையில் தடுக்கின்றன, முழு மதிப்பைத் தருகிறீர்களா, இல்லை இதைப் போலி நிரல் (சூடோகோட்) என்று மாற்றலாமா?” என்று எழுதுங்கள். ஆசிரியர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.