டெண்டர் முன்வைப்புத் தொகையை மிச்சப்படுத்துங்கள்

வாளையாறு தாண்டி, கஞ்சிக்கோடு, பாலக்காடு பக்கம் மத்திய அரசு நிறுவனங்களின் துப்புரவு டெண்டருக்குப் போகும் முன் குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின் 170ஆம் விதி குறு, சிறு தொழில்களுக்கு இந்த விலக்கைத் தருகிறது. பொதுவாக முன்வைப்புத் தொகை வேலையின் மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம். அதாவது 10 லட்சம் ரூபாய் வேலைக்கு 20,000 முதல் 50,000 வரை. டெண்டர் முடியும்வரை முடங்கிக் கிடக்க வேண்டிய அந்தப் பணம், ஆட்களின் சம்பளத்துக்கும் பினாயிலுக்கும் கையில் இருக்கும். இணையத்தில் பதிவு முற்றிலும் இலவசம்; தயவுசெய்து இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சான்றிதழில் துப்புரவுப் பணி சேவையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தனியார் ஆலைகளில் இந்தச் சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது. ஒப்பந்தம் கிடைத்தபின் கட்டும் உத்தரவாதத் தொகைக்கும் இது பொருந்தாது.