முதல் கிராஸ் கன்ட்ரிக்கு முன்னால் வயலைப் பழகுங்கள்

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில், கிராஸ் கன்ட்ரி எனும் தொலைதூரப் பறப்புக்காக ஏர்ஃபீல்டை விட்டு முதன்முதலாக விலகும்போது வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் ஒரே கேள்விதான்: கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்றான தெர்மல் கிடைக்காவிட்டால் எங்கே இறங்குவேன்? அதனால் என்னிடம் வருபவர்களிடம் சில்வர் பேட்ஜ் என்ற கிளைடர் தகுதிக்கான 50 கிலோமீட்டர் பறப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வயல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

பயிற்றுநரோடு மோட்டார் கிளைடரில் போங்கள். அவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு "இப்போ எங்கே?" என்று கேட்பார். நீங்கள் வயலைக் காட்டி, இறங்குவதற்கு முன்பு அதை ஒட்டிப் பறக்கும் சுற்று வந்து, இறங்கும் பாதை வரை கொண்டுபோக வேண்டும். அப்புறம் அதே வயலை நடந்துபோய்ப் பாருங்கள். மேலிருந்து வழவழவென்று தெரிந்த பச்சை, பக்கத்தில் முழங்கால் உயரப் பயிராக நிற்கும். இறக்கை நுனி அதில் சிக்கினால் கிளைடர் அப்படியே சுழன்றுவிடும். அறுவடை முடிந்த தாள் நிலம்தான் என் முதல் தேர்வு. மின்கம்பி மேலிருந்து கண்ணில் படாது, கம்பங்களைத் தேடுங்கள். வீடோ கொட்டகையோ இருந்தால் அதற்கு ஒரு கம்பி போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரிவு மேலிருந்தே தெரிகிறதென்றால் அது கடுமையான சரிவு; மேட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும்.

உயரக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். தரையிலிருந்து 600 மீட்டரில் இறங்கத் தோதான பகுதி, 450-இல் ஒரே ஒரு வயல், 300-இல் சுற்று. அதற்குக் கீழே வேரியோ (ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று ஒலியால் சொல்லும் கருவி) எவ்வளவு ஆசை காட்டினாலும் காதில் வாங்காதீர்கள். புறப்படும்போது பூஜ்யத்தில் வைத்த ஆல்டிமீட்டர் (உயரமானி) காட்டுவது புறப்பட்ட இடத்துக்கு மேலான உயரம். கீழே நிலம் மேடானால் கையில் இருப்பது அதைவிடக் குறைவு.

அடுத்து வரைபடம். கிளைடரின் சறுக்கு விகிதம், அதாவது ஒரு மீட்டர் உயரம் இழக்கும்போது முன்னே போகும் மீட்டர், 30 என்றால் 15 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1000 மீட்டரில் சுற்றுக்கு 300 போனால் மீதி 700. காற்றில்லாத நாளில் பத்து கிலோமீட்டர் கைக்கெட்டும். ஏர்ஃபீல்டைச் சுற்றி அந்த வட்டத்தை வரைந்து, அதற்குள்ளேயே சின்ன முக்கோணங்களாகப் பறந்து பாருங்கள். எதிர்காற்றில் வட்டம் சுருங்கும். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு உயரம் மிஞ்சியது என்று பாருங்கள். எவ்வளவு அறிவுரை சொன்னாலும் அந்த எண் தரும் தைரியம் வராது.

கிளம்பும் அன்று, வயலில் இறங்கினால் கிளைடரை ஏற்றிவரும் டிரெய்லரைக் காரில் மாட்டி, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். யார் கூட்டிவர வருவார் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீர், சார்ஜ் உள்ள ஃபோன், தொப்பி. கார் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறுங்கள். உங்கள் சட்டைப்பையில் அது பறந்துபோய்விட்டால் டிரெய்லர் நகராது.