பூங்காவை முழுதாகப் பூட்ட வேண்டாம்: நோய்க்காலத்தில் பூங்காவும் மைதானமும் நடத்தும் முறை

மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ளூராட்சி சபையொன்றில் பூங்காக்கள், மைதானங்கள், சனசமூக நிலையங்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தப் பக்கத்தில் இந்த வேலைக்கு வருபவர் யாரும் அவசரநிலையைப் பாடப்புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 2004 ஆழிப்பேரலை, 2011 தை மாத வெள்ளம், 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பதிவான டெங்கு, 2020இல் கொரோனா என்று வரிசையாக வந்து கதவைத் தட்டியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மேலிடத்திலிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்பு ஒன்றையே கேட்கும்: "பூங்காவைப் பூட்டியாயிற்றா?" இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடாது என்பதைப் புதிய உத்தியோகத்தர்களுக்கு விளக்கவே எழுதுகிறேன்.

பூட்டுவது இலகு, பொறுப்பும் கழிந்துவிடும். ஆனால் பூங்கா ஒரு பொருள் அல்லவே. நடைபாதை, வாங்கு, ஊஞ்சல், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், கரப்பந்து மைதானம், திறந்த மேடை, வாசிப்பு அறை, வாசலில் கச்சான் விற்பவர் எல்லாம் சேர்ந்ததுதான் பூங்கா. ஒரு கொப்பியை எடுத்து இவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்த நோய் எதன் வழியாகப் பரவுகிறது: மூச்சா, கையா, நுளம்பா, தண்ணீரா? இந்தப் பொருள் அந்த வழியைப் பெருக்குகிறதா? இதை மூடினால் யாருக்கு இழப்பு? மூன்றாவது கேள்வியைப் பலர் எழுதுவதே இல்லை.

நோய்க்கு நோய் விடைகள் தலைகீழாக மாறும். கொரோனாக் காலத்தில் நடைபாதையைத் திறந்து வைக்கலாம். நான்கு தலைகள் ஒரு பலகைமேல் குனியும் கரம் விளையாட்டை நிறுத்த வேண்டும். டெங்குக் காலத்தில் கரம் பலகையால் ஒரு கெடுதியும் இல்லை. பூங்கா ஓரத்தில் அழகுக்காக வர்ணம் பூசிப் புதைத்த பழைய ரயர்கள்தாம் பகை. வெள்ளம் வடிந்தபின் இவை இரண்டையும் விட மைதானத்துச் சேறுதான் ஆபத்து.

யார் முடிவெடுப்பது

தொற்றுநோய் விடயத்தில் சட்டபூர்வமான சொல் சுகாதார வைத்திய அதிகாரியுடையது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. கட்டாய முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் 2020 ஒக்டோபரில் அதன்கீழ்தான் வர்த்தமானியில் வந்தன. பூங்காவின் உடைமையும் பராமரிப்பும் சபையுடையவை. ஆகவே மேலே சொன்ன கொப்பியோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போங்கள். "பூட்டட்டுமா?" என்று கேட்டால் "பூட்டுங்கள்" என்றுதான் பதில் வரும், அவருக்கும் ஆயிரம் வேலை. "நடைபாதையைக் காலையும் மாலையும் திறக்கிறோம், ஊஞ்சலைக் கட்டிவிடுகிறோம், வாசலில் சவர்க்காரமும் தண்ணீரும் வைக்கிறோம், சம்மதமா?" என்று கேட்டால் அவர் படித்துப் பார்த்து ஒன்றிரண்டு திருத்தம் சொல்வார். அதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திறந்த வாசலில் பொலிசார் வந்து சனத்தைக் கலைப்பார்கள், பழி காவலாளிமேல் விழும்.

மூச்சால் பரவும் நோய் என்றால்

ஊஞ்சலுக்கு மஞ்சள் நாடா கட்டுவது வீண். அரை மணி நேரத்தில் அது பட்டத்து வாலாகிவிடும். ஊஞ்சல் பலகையை மேலே தூக்கி, சங்கிலியை மேல்கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டுப் போடுங்கள். சறுக்கின் ஏணியில் முதல் மூன்று படிகளை மறைத்து ஒரு பலகை அறையுங்கள். பிள்ளைகளுக்கு எழுத்தை விட உயரம் நன்றாகப் புரியும்.

திறந்த வெளியில் காற்று இருக்கிறது. கல்லடிக் கடற்கரையிலும் வாவிக்கரையிலும் அது தாராளமாகவே இருக்கிறது. ஆகவே நடப்பவர்களைத் துரத்தும் சக்தியை, ஆட்கள் முட்டிக்கொள்ளும் இடங்களில் செலவிடுங்கள்: வாசல், மலசலகூட வரிசை, கச்சான் வண்டியைச் சுற்றிய கூட்டம், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். இரண்டு வாசல் இருந்தால் ஒன்று உள்ளே வர, மற்றது வெளியே போக. நடைபாதையில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றட்டும். கிரிக்கெட் எல்லைக்கோடு போடும் அதே சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி போட்டால் போதும். கச்சான் விற்பவரை விரட்ட வேண்டாம். நாள் வருமானக்காரர் அவர். வேலியோரமாக வண்டிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, சரையில் முன்கூட்டியே சுற்றி வைத்து விற்கச் சொல்லுங்கள்.

வாசலில் கைகழுவும் குழாய் வைப்பதென்றால் அதைத் தினமும் நிரப்ப ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு வரண்டுபோன தண்ணீர்த் தாங்கிகளை இந்த மாவட்டம் நிறையவே பார்த்திருக்கிறது. கட்டிச் சவர்க்காரத்தை வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டிவிட்டால் காகமும் தூக்காது, ஆளும் தூக்கமாட்டார்.

கிருமிநீக்கம் பற்றி ஒரு வார்த்தை. பவுசரில் மருந்து நிரப்பி வீதி, மரம், மதில் என்று பீய்ச்சுவது படத்துக்கு நன்றாக இருக்கும். வெளியிடங்களில் அப்படித் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. மனிதர்மேல் தெளிப்பதோ எந்த நிலையிலும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு சபை அதன்பிறகும் பவுசரை நிறுத்தவில்லை. கை படும் இடங்களைத் துடைத்தால் போதும்: வாசல் கம்பி, குழாய்த் திருகு, மலசலகூடத் தாழ்ப்பாள், வாங்கின் கைபிடி. முதலில் சவர்க்கார நீரால் அழுக்கைக் கழுவுங்கள்; அழுக்கின்மேல் குளோரின் வேலை செய்யாது. களஞ்சியத்தில் இருக்கும் ரி.சி.எல். எனும் வெளிற்றும் தூள் 35 சதவீதம் குளோரின் உள்ளது என்றால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 3 கிராம், பத்து லீற்றர் வாளிக்கு 30 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துச் சிறு பொதிகளாகக் கட்டி வையுங்கள். அன்றன்று கரைத்து அன்றன்றே முடியுங்கள். துடைத்தபின் பத்து நிமிடம் ஈரமாக விட்டு, இரும்பு என்றால் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்; கடற்காற்று ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும் சங்கிலிக்குக் குளோரினும் சேர்ந்தால் அந்த ஊஞ்சல் அடுத்த வருடம் இருக்காது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூளை ஒருபோதும் கலக்கக் கூடாது. எழும் வாயு மூச்சை அடைக்கும்.

பெண்களின் நேரம்

பூங்கா மூடினால் யாருக்கு இழப்பு என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் முதல் விடை பெண்கள். ஆண்கள் வீதியில் நடப்பார்கள், பாலத்தில் நிற்பார்கள், ஓடாவியின் பட்டறை வாசலிலாவது உட்கார்ந்து கதைப்பார்கள். நீரிழிவுக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக்கொடுத்த ஒரு அம்மாவுக்கு, நாய் துரத்தாத, யாரும் கேள்வி கேட்காத இடம் பூங்காவின் நடைபாதைதான். நேரம் குறைக்க வேண்டி வந்தால் முதலில் அவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பகிருங்கள். முஸ்லிம் ஊர்களை அண்டிய பூங்கா என்றால் அந்த மாலை நேரம் மஃரிப் தொழுகைக்கு முன்பே முடியட்டும். நேரத்தை நீங்களாக அலுவலகத்தில் இருந்து குறிக்காதீர்கள். மாதர் சங்கத் தலைவியையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் ஒரு தடவை கேட்டால், பிறகு அறிவித்தல் ஒட்டவே தேவையிருக்காது.

நிகழ்ச்சிகளை முழுதாக இரத்துச் செய்வதற்கு முன் உருவம் மாற்றிப் பாருங்கள். மேடையில் நடந்த உடற்பயிற்சி வகுப்பை ஒலிபெருக்கியில் நடத்தலாம். சுற்றியுள்ள வீடுகளில் முற்றத்தில் நின்று செய்வார்கள். பட்டம் விடுதல் நோய்க்காலத்துக்கென்றே அமைந்த விளையாட்டு, நூல் தானாகவே ஆளை ஆளிடமிருந்து தள்ளிவைக்கிறது. எல்லே, கிளித்தட்டு, கரப்பந்து ஆகியவற்றைப் பொறுத்திருந்து திறக்கலாம். விளையாட்டுக் கழகத்துப் பையன்களிடம் "விளையாடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேலி பாய்ந்து வருவார்கள். நிவாரணப் பொதி கட்டும் வேலையையும் வாசல் ஒழுங்கையும் அவர்களிடமே கொடுங்கள். வேலி பாயும் வழிகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

டெங்கு

வடகீழ் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். ஈடிஸ் நுளம்பு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் மாலையிலும்; சனம் பூங்காவுக்கு வருவதும் அதே நேரங்களில்தான். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை சுற்றிவர வேண்டும்.

ரயர், சிரட்டை, யோகட் கோப்பை எல்லோர் கண்ணிலும் படும். படாத இடங்களைச் சொல்கிறேன். சீசோவின் குழாய் நுனியில் பிளாஸ்டிக் மூடி கழன்றிருக்கும். அந்தத் துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கோப்பை அளவு மழைநீர் கறுத்துக் கிடக்கும். விரலால் குழாயைத் தட்டினால் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். அங்கே ஈரமணலைத் திணித்து மேலே சீமெந்து பூசிவிடுங்கள். மரப்பொந்து, மூங்கில் வெட்டிய கட்டை, கொங்கிறீற் முதலையின் திறந்த வாய், வேலித் தூணின் மேல்நுனி எல்லாம் இதே வகை. காய்ந்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம்: முட்டைகள் பல மாதம் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்கு உயிர்பெறும், ஆகவே பாத்திரத்தைக் கவிழ்ப்பதோடு உட்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். அலங்காரத் தடாகத்தில் கப்பி மீன் விடுங்கள். புகையடித்தால் பறக்கும் நுளம்பு மட்டுமே சாகும், குடம்பி சாகாது.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இடத்துக்குப் பொறுப்பானவரையே பிடிக்கிறது. வீடு வீடாகப் போய் அறிவித்தல் கொடுக்கும் சபையின் சொந்தப் பூங்காவில் குடம்பி அகப்பட்டால் அன்று ஊர் சிரிக்கும்.

வெள்ளத்துக்குப் பின்

தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகள் பந்தோடு சேற்றில் இறங்குவார்கள். எலியின் சிறுநீர் கலந்த அந்தச் சேறு காலில் உள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். சேற்றை வழித்து, மைதானம் வெயிலில் நன்றாகக் காயும்வரை திறக்க வேண்டாம். இங்கே மட்டும் நான் பூட்டின் பக்கம். துப்புரவு செய்யும் ஊழியர்களுக்குச் சப்பாத்தும் கையுறையும் கொடுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்.

மைதானத்தை இரவல் கேட்டால்

2020இல் நாட்டின் பல ஊர்களில் சந்தைகள் மைதானங்களுக்கு நகர்ந்தன. கேட்டால் கொடுங்கள், நிபந்தனையோடு. லொறி புல்தரைக்குள் வரக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு சில்லுத் தடம் ஒரு பருவத்து விளையாட்டைக் கெடுக்கும். மரக்கறிக் கழிவை அன்றன்று மாலையே ஏற்ற வேண்டும். தடுப்பூசி நிலையம் என்றால் யோசிக்காமல் கொடுங்கள்: ஊசி போட்டபின் சிறிது நேரம் உட்காரவைத்துக் கவனிக்க, அறைக்குள் நெருக்குவதைவிட வாகை மர நிழலில் கதிரை போடுவது எவ்வளவோ மேல்.

மறுபடி திறக்கும்போது

முதல் நாளே பிள்ளைகளை விடாதீர்கள். நீண்ட காலம் ஆள் இல்லாத பூங்காவில் சறுக்கின் அடியில் குளவி கூடு கட்டியிருக்கும், புல்லுக்குள் பாம்பு இருக்கும், ஊஞ்சல் கொளுக்கி துருவேறி நூலாகியிருக்கும். புல்லை வெட்டுங்கள். கொளுக்கி ஒவ்வொன்றிலும் வளர்ந்த ஆள் ஒருவர் தொங்கிப் பார்க்கட்டும். தண்ணீர்த் தாங்கியைக் கழுவி, குழாயில் நின்ற நீரை வெளியேற்றுங்கள். நடைபாதை முதலில், வாங்கு அடுத்தது, விளையாட்டு உபகரணம் பிறகு, மேடையும் போட்டிகளும் கடைசி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் சுகாதார வைத்திய அதிகாரி சொல்லும் கால இடைவெளி.

அறிவித்தல் பலகையில் திறந்திருப்பதை முதலில் எழுதுங்கள்: "நடைபாதை காலை 5.30 முதல் 8 வரை, மாலை 4 முதல் 6 வரை திறந்திருக்கும். ஊஞ்சலும் கரமும் தற்போது இல்லை. அடுத்த அறிவித்தல் வெள்ளிக்கிழமை." தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் புதுத் திகதியோடு புதுத் தாளை ஒட்டிவிடுங்கள்.

அமைய ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். பூங்கா பூட்டினால் நாட்சம்பளம் நிற்கும் என்று தெரிந்தால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள். நுளம்புச் சுற்று, புல்வெட்டு, வர்ணம் பூசுதல், பொதி கட்டுதல் என்று மூடிய நாட்களுக்குரிய வேலைப் பட்டியலை இப்போதே எழுதி, நிதிப் பகுதியின் ஒப்புதலையும் இப்போதே வாங்கி வையுங்கள். ஊரடங்கு போட்ட பிறகு கையெழுத்து வைக்க வேண்டியவர் அலுவலகத்தில் இருக்கமாட்டார்.