கடற்கரை ஓவியத்தில் மாறும் ஒளியைப் பிடிக்க ஒரு வழி

கடற்கரையில் அமர்ந்து நேரில் வரைபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வண்ணத்தில் அல்ல, நேரத்தில்தான். சூரியன் வானில் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகர்வதால், பாறையின் நிழல் ஒரு மணி நேரத்திற்குள் தெளிவாகவே இடம் மாறிவிடுகிறது. கடல் ஏற்ற இறக்கமோ கரைக்கோட்டையும் மாற்றிவிடும். ஆகவே, முதல் 10 நிமிடங்களில் வேறெதையும் தொடாமல், நிழல்களின் எல்லைகளை மட்டும் நீர்த்த ஒரே வண்ணத்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒளி எப்படி மாறினாலும் அந்த எல்லைகளைத் திருத்தாதீர்கள். புதிதாகத் தோன்றும் ஒளியையும் சேர்க்கும் ஆசை எழுவது இயல்பே. அதற்கு இடங்கொடுத்தால், ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பதுபோல் நிழல்கள் முரண்படும்.

அந்தப் புதிய ஒளிக்கு இன்னொரு கான்வாஸை எடுப்பதே சிறந்தது. 1880-களில் பிரான்சின் எத்ரெத்தா கடற்கரையில் வரைந்த ஓவியர் கிளாட் மோனே, பல கான்வாஸ்களை உடன் வைத்துக்கொண்டு, ஒளி மாறியதும் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடர்ந்தார். நமக்கு இரண்டு சிறிய அட்டைகளே போதும். மறுநாள் அதே நேரத்தில், வானமும் ஒத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஈர மணலை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: உலர்ந்த மணலைவிட அது அடர்நிறமாக இருக்கும், வானத்தின் நிறத்தையும் பிரதிபலிக்கும்.