அலுமினியத்தில் பெயின்ட் ஏன் நிற்பதில்லை?

அழுக்கின் மேல் அடிப்பது, மழை நாளில் அடிப்பது போன்றவை தவறு என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரும்புக் கேட்டில் கைதேர்ந்தவர்கள்கூட அலுமினிய ஜன்னலில் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

துடைக்குமுன் தேய்ப்பது

பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும். முதலில் தின்னர் நனைத்த துணி. அது உலருமுன் வேறொரு சுத்தமான துணி. ஒரே துணியைப் பகல் முழுவதும் சுழற்றினால் பிசுக்கு இடம்தான் மாறும். தேய்த்து முடித்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாகத் திரண்டால் திரும்பவும் துடைக்க வேண்டும்.

இரும்புக் கம்பி பிரஷ்

வேண்டாம். பதிந்த இரும்புத்துகள் ஈரம் பட்டதும் அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

ரெட் ஆக்சைடு

அது இரும்புக்கான அடிப்பூச்சு.

எட்ச் பிரைமரைத் தடிப்பாக அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அலுமினியம் காற்றுப் பட்ட உடனே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. சாதாரண எனாமலுக்கு அதில் பிடிமானம் போதாது. எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் அந்தப் பரப்பை லேசாக அரித்துப் பிசினை அதோடு பிணைக்கிறது. ஆக, அமிலத்துக்கு வேலை உலோகத்தோடுதான். காய்ந்தபின் 10 மைக்ரான் அளவு கனம் போதும்; அடியில் உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும்.

தெரிவதுதான் தம்பிகளுக்குப் பொறுப்பதில்லை. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனி ஒன்றில், "உலோகம் தெரிகிறதே அண்ணா, வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?" என்று கேட்டுவிட்டு, நான் நகர்ந்ததும் மேலும் இரண்டு கோட்டு ஏற்றியிருக்கிறான் ஒருவன். உலோகத்தைத் தொடாத அமிலம் நடுவில் சும்மா கிடந்து ஈரத்தை இழுத்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது நகத்தால் தூக்கினாலே பெயின்ட் ஏடு ஏடாக வந்தது. உரிந்த ஏட்டின் முதுகிலும் பிரைமர், உலோகத்தின் மேலும் பிரைமர். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தும் நடுவே பிளந்திருந்தது. இந்த அடையாளத்தைப் பார்த்தபிறகும் பெயின்ட் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்திருக்கவே மாட்டார்கள். அடித்ததைவிடச் சுரண்டி எடுப்பதற்குத்தான் கூலி அதிகம். சாரம் வாடகை தனி.

பிரைமர் மேல் நேரடியாகப் பாலியஸ்டர் புட்டி

அமிலம் புட்டியை இறுகவைக்கும் ஹார்டனரைக் கெடுத்துவிடும். பள்ளங்களை வெறும் உலோகத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

நேற்றைய கலவை

இரண்டு டப்பாக்களாக வரும் எட்ச் பிரைமரை ஒன்றாகக் கலந்தால் பெரும்பாலும் அன்றைய வேலைநேரம் வரைதான் தாங்கும். மறுநாளும் தண்ணீராகத்தான் இருக்கும், ஆனால் பிடிப்பு போயிருக்கும். கொட்டிவிடுங்கள்.

பழைய மஞ்சள் பிரைமரை உலர்வாகத் தேய்ப்பது

அது ஜிங்க் குரோமேட்டாக இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் தூசு. தண்ணீர் விட்டுத் தேயுங்கள், தூசு வடிகட்டும் முகமூடியோடு. கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது.